ஏழு நிமிட வீடியோவுக்குள் எத்தனை பதிவு இருக்கிறது?

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படி ஒரு கடை இன்று பல ஊர்களில் இருக்கிறது. கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த பையனை வரவழைத்து, எள் வெயிலில் காய்வதிலிருந்து எண்ணெய் பாட்டிலில் இறங்குவது வரை ஏழு நிமிட வீடியோ எடுக்கிறார். யூடியூபில் ஏற்றுகிறார். அதே இணைப்பை ஃபேஸ்புக்கில் ஒட்டுகிறார், வாட்ஸ்அப் குரூப்புகளில் தட்டிவிடுகிறார், இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழேயும் எழுதி வைக்கிறார். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டாலும் திறக்காது என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் "சூப்பர் மாமா" போடுகிறார்கள். மூன்றாம் நாள் சத்தமில்லை. அடுத்த வாரம் பையனைக் கூப்பிட்டு, "இன்னொரு வீடியோ எடுக்கணுமேப்பா, என்ன எடுக்கலாம்?" என்கிறார்.

அவருக்கு இப்போது இன்னொரு வீடியோ தேவையில்லை. எடுத்ததில் கால்வாசிகூட இன்னும் செலவாகவில்லை.

ஏற்கெனவே கையில் இருக்கும் விளம்பரச் சரக்கை, வெவ்வேறு சமூக ஊடகங்களுக்கு ஏற்றபடி மறுபடி ஆக்கிக்கொள்வதை ரீபர்ப்பஸிங் என்கிறார்கள். மறுபயன்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே கோப்பை ஐந்து இடத்தில் ஏற்றுவதற்குப் பெயர் மறுபதிவு. கடைக்காரர் செய்தது அதுதான். மறுபயன்பாட்டில் எடுத்துக்கொண்டு போவது விஷயத்தை மட்டும். கோப்பு, நீளம், தொடக்க வரி, பேசும் நடை, கடைசியில் பார்ப்பவரிடம் என்ன கேட்கிறோம் என்பது உட்பட மற்றதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

பழைய பழக்கம்தான்

வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு போட்டு வைத்த வீடுகள் நம்மில் பலருக்குத் தெரியும். 1939இல் கல்கியின் 'தியாக பூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் அதே கதையைப் படமாக எடுத்தார். படத்தின் காட்சிகளே தொடருக்குப் படங்களாக அச்சாயின. ஒரே கதை வாரப் பத்திரிகைக்கும் வந்தது, கொட்டகைக்கும் போனது. ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி நிற்கவில்லை. தொடர் என்றால் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்கு இழுக்கிற முடிவு வேண்டும். படத்துக்குப் பாட்டு வேண்டும்.

அமுல் விளம்பரப் பலகையும் இப்படித்தான். 1966இல் தொடங்கிய அந்தச் சிறுமியின் படம் சாலையோரப் பலகையிலிருந்து செய்தித்தாளுக்கும், அங்கிருந்து கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்குப் புரிய வேண்டும் என்று ஒரு படம், ஒரு வரி என்று கட்டியது அது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரும் ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர் மாதிரிதான். அதனால் அந்த வடிவத்துக்குப் புது இடத்தில் அதிக மாற்றம் தேவைப்படவில்லை. நம் ஏழு நிமிட வீடியோவுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் பிரித்து வையுங்கள்

அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர். இணையத்துக்கு வந்தபோது இதே சிக்கல். ஒரு செய்தி வானொலிக்கும் வேண்டும், இணையதளத்துக்கும் வேண்டும், கைப்பேசிச் செயலிக்கும் வேண்டும். ஒருமுறை உருவாக்கு, எங்கும் வெளியிடு என்ற அவர்களுடைய முறையை, அங்கே பணியாற்றிய டேனியல் ஜேக்கப்சன் 2009இல் விளக்கி எழுதினார். அதன் சாரம் எளிது. செய்தியை ஒரு பக்கமாக அலங்கரித்துச் சேமிக்காதே. தலைப்பு, சுருக்கம், முழு உரை, படம், ஒலி என்று தனித்தனியாகச் சேமி. வேண்டிய இடம் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கடைக்கு இதைச் செய்ய ஒரு நோட்டு போதும்; கூகுள் ஷீட் இருந்தால் இன்னும் வசதி. வீடியோவை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த நேரத்தில் என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

0:00 எந்த எள், எங்கிருந்து வாங்குகிறோம்
1:10 வெயிலில் காயவைப்பது
2:00 செக்கில் போடுவது, கருப்பட்டி சேர்ப்பது
3:40 எண்ணெய் பிரிந்து வருவது
4:30 அடியில் கசடு ஏன் தங்குகிறது
5:20 விலை ஏன் அதிகம்
6:20 வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது

இந்தப் பட்டியல் எழுதி முடித்தவுடனேயே முதல் பலன் கிடைத்துவிடுகிறது. இதை அப்படியே யூடியூப் விளக்கப் பகுதியில் ஒட்டினால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்துகொள்ளும். அதற்கு முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் வேண்டும், ஒவ்வொரு அத்தியாயமும் பத்து நொடியாவது ஓட வேண்டும். கருப்பட்டி எதற்கு என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர் நேரே இரண்டாம் நிமிடத்துக்குப் போய்விடலாம்.

கடையில் வேறு சரக்கும் கிடக்கும். போன வருடத் தீபாவளி நோட்டீஸ், வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸ், வாடிக்கையாளர் அனுப்பிய குரல் செய்தி, அடிக்கடி வரும் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் தட்டிய பதில்கள் என்று பலவும் இருக்கும். எல்லாவற்றையும் அதே பட்டியலில் சேருங்கள். இதில் கடைசியாகச் சொன்னது உண்மையில் தங்கம். ஒரே பதிலை மூன்றாவது முறை தட்டுகிறீர்கள் என்றால், அது பதிவாக வேண்டிய விஷயம்.

நோட்டீஸில் ஒரு சிக்கல் வரும். டிடிபி கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வாசகத்தை நகலெடுத்து இன்ஸ்டாகிராமில் ஒட்டினால், தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்து நிற்கும். அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடிக்கச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தத் துண்டை எடுப்பது?

ஏழு பகுதியும் தனியாக நிற்காது. 'வெயிலில் காயவைப்பது' முன்பின் இல்லாமல் வந்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. தேர்வுக்கு ஒரே அளவுகோல் போதும்: இந்தத் துண்டை மட்டும் பார்த்தவருக்கு ஒரு முழு விஷயம் கையில் கிடைத்ததா? கசடு ஏன் என்பது முழு விஷயம். விலை ஏன் என்பதும் அப்படியே. எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து வருவது, பேச்சே இல்லாமல் கண்ணுக்கு முழுசு.

உங்கள் கணிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவில், பார்ப்பவர்கள் எந்த நொடி வரை தங்கினார்கள் என்று காட்டும் வரைபடம் இருக்கிறது. கோடு சரிகிற இடத்தில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று பொருள். நடுவில் எங்காவது மேலே எழும்பினால், அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் அல்லது நேரே அங்கே தாவி வந்திருக்கிறார்கள். அந்த மேடுதான் வெட்ட வேண்டிய இடம். பார்த்தவர் எண்ணிக்கை குறைவாக இருந்து கோடு எதையும் சொல்லவில்லை என்றால், கல்லாவில் நிற்பவரைக் கேளுங்கள். வருகிறவர்கள் வாய்விட்டுக் கேட்கும் கேள்வி அவருக்கு மனப்பாடம்.

ஒரே துண்டு, ஐந்து வாசல்

கசடு பற்றிய ஐம்பது நொடியை எடுத்துக்கொள்வோம். செக்கில் ஆட்டும்போது எள்ளின் நுண்ணிய துகள்கள் எண்ணெயோடு வந்துவிடும். அசையாமல் வைத்தால் அவை அடியில் தங்கும். மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம். விஷயம் இவ்வளவுதான். இனி இது ஒவ்வொரு வாசலிலும் எப்படி நுழைகிறது என்று பார்ப்போம்.

நிற்கும் வீடியோவில் தொடங்குவோம். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட சில நாட்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. இந்த இரண்டு இடத்திலும் பார்ப்பவர் உங்களைத் தேடி வந்தவர் இல்லை. விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. "வணக்கம், நம்ம கடைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்தால் 'வணக்கம்' முடிவதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார். கேள்வியிலிருந்து வெட்டுங்கள்:

"'அண்ணே, அடியில என்னமோ கலங்கலா நிக்குதே, கலப்படமா?'ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. இந்தா, நல்லாப் பாருங்க."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும் காட்சி. பதில். முடிந்தது. ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை போகலாம் என்று ஆகிவிட்டது. அதற்காக ஐம்பது நொடியில் முடிவதை இழுக்க வேண்டியதில்லை.

அடுத்து இன்ஸ்டாகிராமின் கேரசல், அதாவது பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் படங்கள். இன்று ஒரே பதிவில் இருபது படம் வரை வைக்கலாம். நமக்கு நான்கு போதும். முதல் படத்தில் கலங்கல் தெரியும் பாட்டிலும் 'இது கலப்படமா?' என்ற இரண்டே சொல்லும். இரண்டாவதில் பதில். மூன்றாவதில் அதே பாட்டில், இரண்டு நாள் கழித்து, தெளிந்த நிலையில். நான்காவதில் 'அசைக்காமல் வையுங்கள், மேலே தெளிந்ததை ஊற்றிக்கொள்ளுங்கள்.' ரீல்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கூட, இப்படிப்பட்ட படத்தைப் பிறகு தேவைப்படும் என்று சேமித்து வைப்பார்.

ஃபேஸ்புக்கில் நின்று நிதானமாகப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே இதைக் கதையாகச் சொல்லலாம்:

"போன வாரம் ஒரு அம்மா வாங்கிய எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவந்தார். 'அடியில் அழுக்கு இருக்கிறது' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதே பாட்டிலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் அசைக்காமல் வைத்தேன். மூன்றாம் நாள் அவரையே கூப்பிட்டுக் காட்டினேன்."

இந்த இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரீல்ஸில் 'நிக்குதே', ஃபேஸ்புக்கில் 'இருக்கிறது'. தமிழில் மறுபயன்பாட்டின் பாதி வேலை இதில் இருக்கிறது. நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள தூரம் அதிகம். வீடியோவில் பேசியதைக் குரல் தட்டச்சில் போட்டு, வந்ததை அப்படியே பதிவாக ஒட்டினால், 'வந்து', 'பாத்தீங்கன்னா', 'அதாவது' எல்லாம் எழுத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். எழுதியதை அப்படியே கேமரா முன்னால் வாசித்தால் பள்ளி ஆண்டு விழா மேடை மாதிரி இருக்கும். வீடியோவிலிருந்து எழுத்துக்குப் போகும்போதும், எழுத்திலிருந்து வீடியோவுக்கு வரும்போதும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நடையை மாற்றியே ஆக வேண்டும்.

எக்ஸ் தளத்தில் கட்டணம் இல்லாத கணக்குக்கு 280 குறிகள்தான். இதில் தமிழுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 'நல்லெண்ணெய்' என்பதை நாம் ஆறு எழுத்தாக எண்ணுகிறோம். கணினி அதை 11 என்று எண்ணும். ல் என்றால் 'ல' ஒன்று, மேலே புள்ளி ஒன்று. லெ என்றாலும் இரண்டு. ஆகவே 280 என்பது நம் கைக்கு வரும்போது ஏறத்தாழ நூற்றைம்பது, நூற்றறுபது எழுத்தாகச் சுருங்கிவிடும். எஸ்.எம்.எஸ்ஸில் இன்னும் மோசம்: ஆங்கிலத்தில் 160 குறி போகும் ஒரு செய்தி, தமிழில் 70 குறிக்கு மேல் போனால் இரண்டு செய்தியாகிவிடும். இங்கே கதைக்கு இடமில்லை:

"நல்லெண்ணெய் அடியில் கலங்கல் தெரிந்தால் பதற வேண்டாம். செக்கில் ஆட்டும்போது கூடவே வரும் எள் துகள் அது. அசைக்காமல் இரண்டு நாள் வையுங்கள், மேலே தெளியும்."

கடைசி வாசல் வாட்ஸ்அப். இங்கே இருப்பவர் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் வைத்திருப்பவர்; பெரும்பாலும் ஏற்கெனவே எண்ணெய் வாங்கியவர். செக்கு என்றால் என்ன என்று அவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். ஸ்டேட்டஸில் தெளிந்த எண்ணெயின் ஒரு படமும் ஒரே வரியும் போதும்:

"புதுசா ஆட்டின நல்லெண்ணெய் தெளிஞ்சாச்சு. வேணும்னா இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க."

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், 'இன்றைக்குள்' என்ற அவசரம் அங்கே இயல்பாக ஒட்டும். அதே வரியை யூடியூபில் வைத்தால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவர் விழிப்பார். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். "மெசேஜ் அனுப்பினேனே, வரலையா?" என்று கேட்கும் கடைக்காரர்களின் குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பில் போடும்போதே "நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்கம்மா" என்று சொல்லிவிடுவது நல்லது.

ஐந்து வாசலையும் சொல்லியாயிற்று. ஊருக்குள் கடை வைத்திருப்பவர் கூகுள் மேப்ஸில் உள்ள தன் கடைப் பக்கத்தையும் மறக்கக்கூடாது. அதே தெளிந்த பாட்டிலின் படம், கடை திறக்கும் நேரம், இரண்டு வரி. வழி தேடி வருபவருக்கு அது போதும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டிய அளவுகள்

படுக்கையாக எடுத்த வீடியோவை நிற்கும் வீடியோவாக வெட்டும்போது எவ்வளவு போகிறது என்று பலரும் கணக்குப் போடுவதில்லை. 1920×1080 அளவில் எடுத்த காட்சியிலிருந்து 9:16 துண்டு வெட்டினால், அகலத்தில் சுமார் 607 புள்ளிகள்தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செக்கு இடது ஓரத்திலும் கடைக்காரர் வலது ஓரத்திலும் நின்று பேசியிருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அந்தச் சிறு துண்டைத் திரை நிறைய இழுத்தால் படமும் மங்கும். கைப்பேசியில் 4கே வசதி இருந்தால் அடுத்த முறை அதில் எடுங்கள். 3840×2160 காட்சியிலிருந்து வெட்டிய துண்டு 1215×2160 வரும். ரீல்ஸுக்கு வேண்டிய 1080×1920க்கு அது தாராளம். முக்கியமானதை நடுவில் நிறுத்தி எடுப்பது இன்னும் எளிய வழி.

நிற்கும் வீடியோவின் கீழ்ப்பகுதியில் உங்கள் கணக்கின் பெயரும் குறிப்பும் வந்து உட்காரும். வலது ஓரத்தில் விருப்பம், பகிர்வுப் பொத்தான்கள் நிற்கும். விலையையும் தொலைபேசி எண்ணையும் அங்கே எழுதினால் யாருக்கும் தெரியாது. எழுத்தை நடுவில் வையுங்கள். இன்ஸ்டாகிராம் முகப்பில் படங்கள் முன்பு சதுரமாகத் தெரிந்தன. 2025 ஜனவரி முதல் 3:4 என்று நெடுக்காக மாறிவிட்டது. பழைய சதுரக் கணக்கில் செய்த அட்டைப்படங்களில் ஓரத்து எழுத்து வெட்டுப்பட்டிருக்கலாம். ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம். பஸ்ஸில், அலுவலகத்தில், தூங்கும் குழந்தையின் பக்கத்தில் என்று அவர்களுக்குக் காரணம் இருக்கும். எனவே திரையில் எழுத்து வேண்டும். தானாக எழுத்தாக்கும் கருவிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் 'எண்ணெய்' 'என்னை' ஆகவும், 'எள்ளு' 'எல்லு' ஆகவும் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

இன்னொன்று, அசல் கோப்பை எப்போதும் தனியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை எடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றினால் புகைமூட்டமாகத் தெரியும், ஏனென்றால் வாட்ஸ்அப் அனுப்பும்போதே கோப்பைச் சுருக்கிவிடுகிறது. வீடியோ எடுத்த பையன் கோப்பை அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஒரு செயலியின் முத்திரை பதிந்த வீடியோவை இன்னொன்றில் ஏற்றுவது முதல் தவறு. பிற செயலிகளின் முத்திரை தெரியும் ரீல்ஸைப் புதியவர்களுக்குக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. முத்திரை இல்லாத அசலை எடுத்து இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

இரண்டாவது பாட்டு. ரீல்ஸில் சினிமாப் பாட்டு சேர்ந்து அழகாக ஓடும் வீடியோவை அப்படியே யூடியூபுக்குக் கொண்டுபோனால், உரிமையாளரின் சார்பில் காப்புரிமை அறிவிப்பு வந்து நிற்கும். ஒரு தளத்தில் கிடைத்த பாட்டு அனுமதி அடுத்த தளத்துக்கு உங்களோடு வராது. இன்ஸ்டாகிராமில்கூட வணிகக் கணக்குகளுக்குக் கிடைக்கும் பாட்டுகள் குறைவு. கடை விளம்பரத்துக்கு என்றால் உரிமை வாங்காமல் சினிமாப் பாட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. நம் எண்ணெய்க் கடைக்கு அதைவிட நல்ல ஒலி கையிலேயே இருக்கிறது. செக்கு சுற்றும்போது வருகிற 'கிரீச்' சத்தத்துக்கு யாரும் உரிமை கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது அனுமதி. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாராட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதற்கு முன், "இதைப் போட்டுக்கலாமா அக்கா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் உங்களுக்கு மட்டும் சொன்ன வார்த்தை அது. எண்ணும் புகைப்படமும் தெரியாமல் மறைப்பது தனி வேலை.

நான்காவதுதான் பெரியது. தவறு ஒன்று இருந்தால் அதுவும் கூடவே பல பதிவாகப் பெருகும். வீடியோவில் பேச்சுவாக்கில் "இதைச் சாப்பிட்டா மாரடைப்பே வராது" என்று சொல்லியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவுப்பொருளை விளம்பரம் செய்வதை 2018இல் வந்த உணவு விளம்பர விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. அதே போல, 'கசடு இருந்தால்தான் சுத்தமான எண்ணெய்' என்றும் எழுதிவிடாதீர்கள். கசடு இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது. செக்கு எண்ணெயில் கசடு வருவது இயல்பு என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

எப்போது போடுவது?

நம் கடையின் ஏழு நிமிடத்தை எண்ணிப் பார்த்தால், நிற்கும் வீடியோ மூன்று, கேரசல் இரண்டு, ஃபேஸ்புக் பதிவு இரண்டு, ஸ்டேட்டஸ் மூன்று, கூகுள் மேப்ஸ் ஒன்று, எக்ஸ் ஒன்று என்று பன்னிரண்டு தேறும். வாரத்துக்கு இரண்டு என்று வைத்தால் ஆறு வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் மறுபடி 'சூப்பர் மாமா' மட்டும்தான் மிஞ்சும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் நேரம் குறித்து முன்கூட்டியே வைத்துவிட மெட்டா பிசினஸ் சூட்டில் கட்டணமில்லாமல் வசதி இருக்கிறது. ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்துக்கு வேலை முடிந்துவிடும்.

ஆறு வாரம் கழித்தும் இவை செத்துப்போவதில்லை. விலையும் தேதியும் சொல்லாத துண்டுகளுக்கு வயது கிடையாது. நல்லெண்ணெய்க்கு என்றே நம் வருடத்தில் நாட்கள் இருக்கின்றன. கோடையில் மாங்காய் ஊறுகாய் போடும் வாரங்களில், எண்ணெயைப் பத்திரப்படுத்துவது பற்றிய துண்டு புதுத் தொடக்க வரியோடு திரும்பி வரலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் எண்ணெய்க் குளியல். கார்த்திகைக்கு விளக்கு. காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியலில் எந்தத் துண்டு எந்த மாதத்துக்கு என்று ஒரு பத்தி கூடுதலாக எழுதி வையுங்கள். விலை சொன்ன துண்டை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள். பழைய விலையைப் பார்த்துவிட்டு வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

எந்த வாசல் வழியாக வந்தார்கள்?

பார்வை எண்ணிக்கை மனதுக்கு இதம் தரும். கல்லாவுக்கு வேறு கணக்கு வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பு உருவாக்கும்போது, அதைத் தொட்டதும் தானாக வந்து நிற்கும் ஒரு வரியையும் சேர்க்க முடியும். யூடியூபில் கொடுக்கும் இணைப்பில் 'யூடியூபில் பார்த்தேன், எண்ணெய் வேண்டும்' என்றும், இன்ஸ்டாகிராம் முகப்பில் கொடுப்பதில் 'இன்ஸ்டாவில் பார்த்தேன்' என்றும் வைத்துவிட்டால், வரும் செய்தியே எந்த வாசல் என்று சொல்லிவிடும். நேரில் வருபவரிடம் "எங்க பாத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டு, கல்லாவில் ஒரு தாளில் கோடு போட்டால் போதும். மூன்று மாதத்தில் இரண்டு வாசல் வழியாகத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால், மற்ற மூன்றைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த இரண்டுக்கு நேரம் கொடுங்கள். எல்லா இடத்திலும் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

அப்படியானால் புது வீடியோவே எடுக்க வேண்டாமா? வேண்டும். எப்போது என்பது செக்குக்காரருக்கு நன்றாகவே தெரியும். எண்ணெய் இறங்குகிற வரைதான் செக்கை ஓட்டுவார். அதற்கப்புறம் மிஞ்சுவது பிண்ணாக்கு. அதை மறுபடி ஆட்டினால் மரம்தான் தேயும். ஒரு துண்டை எந்த நடையில் சொன்னாலும் புதிதாக யாரும் நின்று பார்க்கவில்லை, புதிதாக ஒரு கேள்வியும் வரவில்லை என்றால், அந்தச் சரக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அன்றைக்குப் பையனைக் கூப்பிடலாம். என்ன எடுக்கலாம் என்று அவனைக் கேட்க வேண்டியிருக்காது. இந்த மூன்று மாதத்தில் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வந்து நின்ற கேள்வியே அடுத்த வீடியோ.